விதை முளைக்காததுக்குக் கைராசி காரணமில்ல தங்கச்சி

கேள்வி: வணக்கம் சேர். நாங்க கல்லாத்துப் பக்கம், ஒரு பக்கம் கடல் மத்தப் பக்கம் ஆறு, நடுவில மணல் வளவு. ஆடி பிறந்த கையோட யூடியூப்ல ஒரு அண்ணா ஆடிப்பட்டம் தேடி விதைக்கணும் எண்டு சொன்னதைப் பாத்து கொச்சிக்காய் (மிளகாய்), தக்காளி, வெண்டி, பயத்தங்காய், கீரை எல்லாம் சின்னச் சின்ன விதைப் பக்கெட்டா வாங்கி, முட்டை அட்டையில தேங்காய்த் தும்புத்தூள் நிரப்பி விதைச்சன். வெண்டி நாலு வந்திச்சி, பயத்தை ஒண்டு. தக்காளி நல்லா முளைச்சி ஒரே ராவில எல்லாம் சரிஞ்சி விழுந்திட்டு. கீரையை நிலத்துல தூவினன், ஒரு முளை கூட இல்ல. கொச்சிக்காய் 25 நாள் ஆகியும் வரல. வீட்டுப் பப்பாசிப் பழத்துல எடுத்துப் போட்ட விதையும் வரல. எனக்குக் கைராசி இல்ல எண்டு மாமி சொல்றா. விதையில பிழையா, என்னில பிழையா? இனி நாத்தை வாங்கி நடுறதுதான் நல்லமா?

பதில்:

தங்கச்சி, முதல்ல மாமிட கதைக்கு வாறன். கைராசி எண்டு ஒண்டு இல்லவே இல்ல எண்டு நான் சொல்ல மாட்டன். முப்பது வருசத்துக்கு மேல விவசாயப் போதனாசிரியரா மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கால எழுவான்கரையும் மேற்கால படுவான்கரையுமா மோட்டார் சைக்கிள்ல திரிஞ்சவன், கைராசிக்காரர் எண்டு ஊர் சொல்லுற கனபேரைக் கண்டிருக்கன், ஆனா கிட்டப் போய்ப் பாத்தா அவங்க எல்லாரும் ஒரு விசயத்துல ஒரே மாதிரி, காத்து எந்தப் பக்கத்தால அடிக்கிது எண்டு பாத்துத்தான் விதையைக் கையில எடுப்பாங்க. நீங்க யூடியூப்பைப் பாத்து எடுத்திருக்கீங்க. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தத் தம்பி சொன்னது பொய்யில்ல, அவர்ட ஊருக்கு அது சரி. தமிழ்நாட்டுல ஆடியில மேகம் கூடும், பொறகு வாற மழைக்கு நாத்து தயாரா நிக்கும். நமக்கு ஆடியில வாறது என்ன? கச்சான் காத்து. அதே தென்மேல் பருவக்காத்துதான், ஆனா அது மலைநாட்டுக்கு அங்கால கொண்டுவந்த மழையை முழுக்க இறக்கிப்போட்டு மலையைத் தாண்டி வெறுங்கையோட நம்மட பக்கம் இறங்குது, இறங்கக்குள்ள சூடாகி, ஈரமும் இல்லாம, போற வழியில இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகுது. மட்டக்களப்புக்கு வருசத்துல விழுற மழையில மூண்டுல ரெண்டு பங்கு ஐப்பசியில இருந்து தைக்குள்ள விழுந்து முடிஞ்சிரும், ஆனி ஆடியில வானத்தைப் பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். மாமாங்கத் தீர்த்தத்துக்கு ஆடி அமாவாசையில போனவங்களுக்கு அந்த மணல்ல கால் வைக்கிற சூடு நான் சொல்லத் தேவையில்ல. அந்தச் சூட்டு மணல்லதான் நீங்க கீரை விதையைத் தூவினது.

நம்மட வெள்ளாமைக்காரர் பெரும்போகத்துக்குப் புரட்டாதி ஐப்பசியிலதான் விதைக்கிறாங்க, அது சும்மா வந்த பழக்கமில்ல. வீட்டுத்தோட்டத்துக்கும் அதே கணக்குத்தான், நெல்லுக்கு ஒரு மழை கத்தரிக்கு ஒரு மழை எண்டு இல்லத்தானே.

கிணத்துத் தண்ணி இருந்தா ஆடியிலயும் செய்ய ஏலும், செய்யுற ஆக்களும் இருக்காங்க, களுதாவளை பக்கம் போய்ப் பாருங்க, கச்சான் காத்துக்குள்ளயும் தோட்டம் பச்சையாத்தான் நிக்கும். ஆனா அவங்க ஒரு நாளைக்குக் காலமை பின்னேரம் எண்டு தண்ணி கட்டுற ஆக்கள், சுத்திவர கிடுகு வேலி, நாத்துமேடைக்கு மேல ஓலைப்பந்தல், பரம்பரையாச் செய்யுற தொழில். நீங்க முட்டை அட்டையில செய்திருக்கீங்க. முட்டை அட்டை எண்டா கடதாசிக்கூழ், அது விதைக்கு முதல் தான் தண்ணியைக் குடிச்சிரும், கச்சானுக்குள்ள ரெண்டு மணித்தியாலத்துல காஞ்சி மொறுமொறுத்துப் போகும். விதை ஒருக்கா தண்ணி குடிச்சி வேர் நீட்ட வெளிக்கிட்டாப் பொறகு காஞ்சிதெண்டா செத்திரும், மறுகா எவ்வளவு ஊத்தினாலும் எழும்பாது. உங்கட கொச்சிக்காய்க்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். கொச்சிக்காய் ஆறுதலா முளைக்கிற சாமான், நல்ல நேரத்துலயே 7 நாள், 10 நாள் எடுக்கும், அந்தப் பத்து நாளும் ஒரே அளவு ஈரம் இருக்கணும், 35 பாகை சூட்டுக்கு மேல போனா முளைக்கிற விதையும் குறைஞ்சிரும். வெண்டி நாலு வந்ததும் அதாலதான், அது சூட்டைத் தாங்கும், நாலஞ்சி நாளில வேலையை முடிச்சிரும். 25 நாள் ஆன அட்டையைக் கொட்டிருங்க, இனி அதுல ஒண்டும் வராது.

அடுத்தது தும்புத்தூள். இதுல நானே ஒருக்கா வாங்கிக் கட்டினவன். கொஞ்ச வருசத்துக்கு முதல் வீட்டுக்கு எண்டு தும்புத்தூள் கட்டி ஒண்டு வாங்கி, ஊறவைச்சி, நேர கோப்பையில போட்டு 60 கோப்பை கத்தரி போட்டன், முளைச்சது எல்லாம் இலை ஓரம் கருகி, வளராம குருமனாவே நிண்டுட்டு, ஊருக்குப் புத்தி சொல்ற ஆள் வீட்டுல இப்பிடி எண்டு பெண்டாட்டி சிரிச்சி முடியல. பொறகுதான் ஊறவைச்ச தண்ணியை நாக்குல வைச்சிப் பாத்தன், உப்புக் கரிச்சிது. கடக்கரைப் பக்கம் ஊறப்போடுற மட்டையில உப்பு நிக்கும், அதுக்கு மேல தும்புத்தூள்ல இருக்கிற சாயச் சாறும் பிஞ்சு வேருக்கு ஆகாது. தேத்தண்ணிக் கலரில வாற தண்ணியை ஊத்திப்போட்டு மூண்டு நாலு தரம் நல்ல தண்ணியில அலசி, பிழிஞ்சி, பொறகுதான் பாவிக்கணும். தும்புத்தூள்ல சாப்பாடும் இல்ல, ஈரம் மட்டுந்தான், அதால பாதிக்குப் பாதி மக்கின கொம்போஸ்ட் கலக்கணும்.

தண்ணியையும் சொல்லணும். கல்லாறு, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று எண்டு இந்தக் கரையோரம் முழுக்க நம்மட கிணத்துல இருக்கிற நல்ல தண்ணி கீழ கிடக்கிற உப்புத் தண்ணிக்கு மேல மிதக்கிற ஒரு மெல்லிய படைதான். ஆவணி புரட்டாதியில மட்டம் இறங்கக்குள்ள மோட்டர் போட்டு இறைச்சித் தள்ளினா கீழ இருக்கிற சவர் மேல வரும். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பொறகு கிணறுகள் உப்பாகிக் கிடந்த நேரம், சுத்தப்படுத்துறம் எண்டு விடாம இறைச்சது சில இடத்துல உப்பைக் கூட்டிட்டு. பெரிய மரம் தாங்கும், முளைக்கிற விதை தாங்காது, அதிலயும் பயத்தை அவரைச் சாதி உப்பைக் கண்டா சுருண்டிரும். உங்கட ஒரே ஒரு பயத்தைக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். கிணத்துத் தண்ணி வாயில கரிக்கிற மாதிரி இருந்தா நாத்துக்கு மட்டும் குடிக்கிற தண்ணியை ஊத்துங்க, அம்பது கோப்பைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு போத்தல் போதும், அது ஒரு செலவில்ல.

தக்காளிக்கு வாறன், அது வேற கதை, அதுல விதையிலயும் பிழையில்ல காத்திலயும் பிழையில்ல. சரிஞ்சி விழுந்த கண்டு ஒண்டு இன்னும் கிடந்தா எடுத்து, தண்டு மண்ணைத் தொடுற இடத்தைப் பாருங்க, மேல தண்டு நல்லா இருக்கும், கீழ வேர் இருக்கும், நடுவில மட்டும் நூலைக் கட்டி இறுக்கின மாதிரி மெலிஞ்சி, பழுப்பாகி, தொட்டா வழுக்கும். இதுக்கு நாத்தழுகல் எண்டு பேர், மண்ணில இருக்கிற பூஞ்சணத்தால வாறது. காயுது எண்ட பயத்துல நீங்க பொழுதுபட்டாப் பொறகு தண்ணி ஊத்தியிருப்பீங்க, விதையையும் நெருக்கமாக் கொட்டியிருப்பீங்க, ராத்திரி முழுக்க கழுத்தளவு ஈரம், காத்து நுழைய இடமில்ல, அந்தப் பூஞ்சணத்துக்கு இதைவிட விருந்து வேற இல்ல. ஒரு ராவில 40 கண்டும் போகும், நான் கண்ணால கண்டிருக்கன்.

இதுக்கு மருந்து தேடிக் கடைக்கு ஓடாதீங்க. நிலத்துல மேடை போடுறதெண்டா ஆறங்குலம் உயர்த்தி, மண்ணை நனைச்சி, அதுக்கு மேல வைக்கலும் உமியுமாப் பரப்பி எரிச்சி, ஆறினாப் பொறகு சாம்பலோட கிளறி விதைக்கிறது நம்மட விவசாயத் திணைக்களம் காலாகாலமாச் சொல்லித்தாற முறை, பழைய ஆக்களுக்கும் தெரியும். கோப்பையில போடுறதெண்டா மண்கலவைக்குக் கொதிதண்ணி ஊத்தி மூடி வைச்சி அடுத்த நாள் பாவியுங்க. யோகட் கோப்பை நல்லம், கீழ சூடாக்கின ஆணியால நாலு ஓட்டை. ஒரு கோப்பைக்கு ரெண்டு விதை, முளைச்சாப் பொறகு நல்லதை விட்டுட்டு மத்ததைக் கத்தரிக்கோலால வெட்டுங்க, பிடுங்கினா பக்கத்து வேரும் வரும். தண்ணி விடியக்காலமை மட்டும், அதுவும் பூவாளி இல்லாட்டி மூடியில ஓட்டை போட்ட போத்தல், வாளியால ஊத்தினா விதை மேல வந்திரும் இல்லாட்டி ஒரு மூலைக்குப் போய்ச் சேந்திரும்.

கீரைக்கு என்ன நடந்திச்சி எண்டு எனக்கு விளங்குது, உங்களுக்கும் விளங்கும், விதைச்ச அண்டைக்குப் பின்னேரம் அந்தப் பக்கம் குனிஞ்சி பாத்திருந்தா. எறும்பு வரிசையா நிண்டு ஒவ்வொண்டாத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். ஒரு கிராமில ஆயிரத்துக்கு மேல விதை கொள்ளுற அளவு சின்னச் சாமான், எறும்புக்கு அது அரிசி மூட்டை மாதிரி. தூவக்குள்ள ஒரு பங்கு விதைக்கு பத்துப் பங்கு காஞ்ச மணல் கலந்து தூவுங்க, அப்பதான் பரவலா விழும், கையால லேசாத் தடவி மூடி, நனைஞ்ச சாக்கைப் போர்த்துங்க, மூண்டாம் நாள் சாக்கைத் தூக்கிப் பாருங்க, வெள்ளை முளை தெரிஞ்சா உடன எடுத்திரணும், ஒரு நாள் பிந்தினா முளை சாக்குக்குள்ள கோத்துக்கொண்டு வந்திரும். சுத்திவர அடுப்புச் சாம்பல் போடுங்க, நனைஞ்சா திரும்பப் போடுங்க. எறும்புப் புத்துப் பக்கத்துல ஒரு சிரட்டையில தேங்காய்ப்பூவும் சீனியும் வைச்சா அது அங்கால போய் நிக்கும், மூண்டு நாளைக்கு அதை ஏமாத்தினாப் போதும்.

பப்பாசி விதையைப் பழத்துல எடுத்து அப்பிடியே போட்டா லேசில வராது. விதையைச் சுத்தி வழுவழு எண்டு ஒரு தோல் இருக்குது பாருங்க, கண்ணாடி மாதிரி, முளைக்க விடாம மறிக்கிறதே அதுதான். சாம்பல் போட்டு உள்ளங்கையில வைச்சித் தேய்ச்சா அந்தத் தோல் வெடிச்சிக் கழரும், கழுவி, நிழல்ல ரெண்டு நாள் உலத்தி விதைங்க, அப்பயும் ரெண்டு மூண்டு கிழமை எடுக்கும், அவசரப்பட்டுக் கிண்டிப் பாக்காதீங்க. கடையில வாங்கின ரெட் லேடிப் பழத்துட விதை எண்டா அது ஹைபிரிட், பிள்ளை தாயைப் போல வராது, பக்கத்து ஆண் மரத்துட மகரந்தம் பட்டிருந்தா சிலது ஆண் மரமாவும் வரும், அதால ஒரு குழிக்கு மூண்டு கண்டு வைச்சி, பூத்தாப் பொறகு காய்க்கிறதை விட்டுட்டு மத்ததை வெட்டுங்க. இன்னொண்டு, பப்பாசி வேர் ரெண்டு நாள் தண்ணிக்குள்ள நிண்டா மரம் செத்திரும், கார்த்திகையில உங்கட வளவுல தண்ணி நிக்கிற பக்கம் எது எண்டு உங்களுக்குத்தான் தெரியும், அங்க வைக்காதீங்க.

விதையில பிழையா எண்டு கேட்டிருந்தீங்க. அதை நான் இங்க இருந்து சொல்ல ஏலாது, நீங்க பத்தே நாளில கண்டுபிடிக்கலாம். பக்கெட்ல மிச்சம் இருக்கும்தானே, ஒரு கிராம் கொச்சிக்காய் எண்டா 150க்குக் கிட்ட விதை, நீங்க முழுக்கப் போட்டிருக்க மாட்டீங்க. பத்து விதையை எண்ணி நனைஞ்ச டிஷுவில வைச்சி மடிச்சி ஒரு சொப்பிங் பேக்ல போட்டு அலுமாரிக்கு மேல வைங்க. ஒவ்வொரு நாளும் திறந்து காத்து விடுங்க. பத்தில ஏழு வெடிச்சா விதை நல்ல விதை, பிழை வேற இடத்துல. மூண்டு நாலுதான் எண்டா ரெட்டிப்பாப் போடுங்க. ஒண்டும் இல்லாட்டி அந்தப் பக்கெட்டை வித்தவருக்கிட்டயே கொண்டு போங்க. வாங்கக்குள்ள திகதியைப் பாருங்க, கடையில வெயில் படுற கண்ணாடிக்குப் பக்கத்துல தொங்குறதை வாங்க வேணாம், வெங்காய விதை மாதிரிச் சாமான் ஒரு வருசம் கடந்தாலே சக்தி போயிரும். சிவப்பு, நீலம் எண்டு கலர் பூசின விதை வந்தா அது பூஞ்சண மருந்து, பிள்ளைகளை எடுக்க விடாதீங்க, மிஞ்சினதைக் கோழிக்கும் போடாதீங்க.

சரி, இப்ப என்ன செய்யுற? ஆவணி பிறந்திட்டு, விதைக்கிற நேரம் இல்ல, மண் கட்டுற நேரம். மணல்ல நட்டா ஊத்துற தண்ணியும் போடுற பசளையும் பத்து நிமிசத்துல கீழ இறங்கிரும், ஓட்டைப் பேணியில ஊத்தின மாதிரி. அதுக்கு நம்மட ஊருல மருந்து கொட்டிக் கிடக்குது. ஒண்டரை அடி ஆழம் குழி வெட்டி, அடியில தேங்காய்ப் பொச்சு மட்டையை குழிஞ்ச பக்கம் மேல பாக்க ரெண்டு வரிசை அடுக்கி, நனைச்சி, அதுக்கு மேல காஞ்ச மாட்டெரு, இலைதழை, வேலியில நிக்கிற கிளிசரியா, பூவரசு, மறுகா மண். ஆத்துல ஆத்துவாழை ஒதுங்கிக் கிடந்தா அள்ளிக்கொண்டு வந்து ரெண்டு நாள் வெயில்ல போட்டு வாடவைச்சி, வேரை வெட்டிப்போட்டு கும்பியில சேருங்க, ஒருத்தரும் ஏன் எண்டு கேக்க மாட்டாங்க. சம்மாந்துறைப் பக்கம் நெல்லு ஆலையில உமி மலை மாதிரிக் கிடக்கும், ரெண்டு உரபேக் கட்டிக்கொண்டு வந்து கருக்கிப் போட்டா மண் பொதுபொதுண்டு இருக்கும். பச்சைக் கோழி எருவை மட்டும் கண்டுக்குக் கிட்டக் கொண்டு போகாதீங்க, மூண்டு மாசமாவது மக்கணும், இல்லாட்டி அது வேரை அவிச்சிரும். ஆட்டெரு இருந்தா அதுவும் நல்லம்.

புரட்டாதி பிறந்தாப் பொறகு, செப்டெம்பர் 20 அளவில எண்டு வைங்களன், கொச்சிக்காயையும் கத்தரியையும் கோப்பையில போடுங்க. கத்தரி நாலு கிழமையில நடுற அளவுக்கு வரும், கொச்சிக்காய் அஞ்சி கிழமை எடுக்கும். அப்ப ஐப்பசி பிறந்திருக்கும், மழைக்கு முன்னோடியா பின்னேர இடி மழை ரெண்டு மூண்டு விழுந்து மண் ஆறியிருக்கும், கச்சான் ஓய்ஞ்சிருக்கும், வாடை இன்னும் வலுக்கல. அந்த இடைவெளிதான் நமக்கு. அந்த ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள கண்டு வேர் பிடிச்சி நிண்டுதெண்டா கார்த்திகை மழையைத் தாங்கும், இல்லாட்டி அடிச்சிக்கொண்டு போயிரும். வெண்டி, பயத்தை, பாகல் மூண்டையும் கோப்பையில போட வேணாம், நேர நிலத்துல போடுங்க, வேரைக் கிளப்பினா அதுகளுக்குப் பிடிக்காது. வெண்டியை ராத்திரி ஊறவைங்க. பாகல் விதைட ஓரத்தை நகவெட்டியால கொஞ்சம் நறுக்கிப்போட்டு ஒரு நாள் ஊறவைச்சி ஈரத்துணியில கட்டி வைங்க, ஓடு தடிச்ச சாமான், அதுக்கு உதவி தேவை. பயத்தை ஊறத் தேவையில்ல, ஊறினா வெடிக்கும்.

நடக்குள்ள நிலத்தை விட ஒரு அடி உயரத்துல மேடு கட்டி அதுக்கு மேல நடுங்க, இப்ப மணல் காஞ்சி கிடக்கிறதைப் பாத்து இதென்னத்துக்கு எண்டு நினைப்பீங்க, மார்கழியில கிணத்துக்குள்ள கையால தண்ணி கோலுற அளவுக்கு மட்டம் ஏறக்குள்ள விளங்கும். மேடு கட்ட இடமில்லாட்டி உரபேக்கை முக்கால்வாசி மடிச்சி மண் நிரப்பி ரெண்டு கல்லுக்கு மேல வைங்க.

தக்காளியை இந்த மாரிக்கு விட்டுருங்க. கேட்டா மனம் வராது, தெரியும். ஆனா மழைக்குள்ள தக்காளிக்கு வராத வருத்தமில்ல. தைப்பொங்கல் முடிஞ்ச கையோட நாத்துப் போடுங்க, மாசியில நடுங்க, மழை விட்டிருக்கும், மண்ணுல ஈரம் இருக்கும், ராவில இன்னும் குளிர் இருக்கும். அந்த ராக்குளிர்தான் முக்கியம், ராத்திரிச் சூடு 24, 25 பாகைக்குக் கீழ இறங்காட்டி தக்காளி பூக்கும், பூ கொட்டும், காய் பிடிக்காது, வைகாசி ஆனியில கண்டு மரம் மாதிரி வளந்தும் ஒண்டும் காய்க்கல்ல எண்டு கனபேர் எனக்குச் சொல்றது இதாலதான்.

நாத்து வாங்கி நடலாமா எண்டா, வாங்கலாம், அதுல ஒரு வெக்கமும் இல்ல. கோப்பையில போடப் பயமா இருந்தா முதல் வருசம் கொச்சிக்காயை மட்டும் நாத்தா வாங்குங்க, மத்ததை விதையாப் போடுங்க, கை பழகட்டும். வாங்கக்குள்ள இலையைப் பாருங்க, ஓரம் மேல் பக்கம் சுருண்டிருந்தா அது பனிப்பூச்சி, கீழ் பக்கம் கவிழ்ந்து குடை மாதிரி இருந்தா சிற்றுண்ணி, ரெண்டையும் சும்மா தந்தாலும் வேணாம், வீட்டுல இருக்கிறதுக்கும் பரவும். தக்காளி கத்தரி நாத்தை மெதுவாக் கிளப்பி வேரையும் பாருங்க, மணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சா இருந்தா வட்டப்புழு, மணல் மண்ணுல அது ஒருக்கா புகுந்தா இலேசில போகாது.

என்ன இனம் வாங்குற எண்டு கேட்டா வீட்டுத்தோட்டத்துக்கு நான் ஹைபிரிட் சொல்றதில்ல. கொச்சிக்காயில எம்ஐ 2, வெண்டியில ஹரித இல்லாட்டி எம்ஐ 5, பயத்தையில சேனா, இதெல்லாம் நம்மட விவசாயத் திணைக்களத்துச் சாமான், எம்ஐ எண்டா மகா இலுப்பள்ளம எண்டு அர்த்தம், அங்கத்த ஆராய்ச்சி நிலையத்துல எடுத்த இனம், அதுவும் நம்மளைப் போல உலர்வலயம். கமநல சேவை நிலையத்துல இருக்கிற போதனாசிரியரைக் கேளுங்க, இல்லாட்டி திணைக்களத்துட 1920 எண்ட இலக்கத்துக்குக் கோல் எடுங்க, தமிழ்ல கதைக்கலாம். ஹைபிரிட் கூடக் காய்க்கும், உண்மை, ஆனா அடுத்த வருசம் விதை எடுத்துப் போட ஏலாது, திரும்பவும் கடைக்குத்தான் போகணும். 2022ல விலை ஏறின நேரம் அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னாங்களே ஞாபகம் இருக்கா, சாமான் இல்லாத அந்த நேரத்துல விதை கேட்டு என்னட்ட வந்த ஆக்கள் கொஞ்சமில்ல, எல்லாரும் நல்ல மனசோட வந்தாங்க, ஆனா அதுவும் ஆனி ஆடி. உங்களைப் போலதான், கச்சானுக்குள்ள விதைச்சி, வெறுத்துப்போய் விட்டுட்டாங்க. ரெண்டு மாசம் பொறுத்திருந்தா அரைவாசிப் பேராவது இண்டைக்கும் தோட்டக்காரர்.

விதை எடுக்கிறதையும் இப்பவே சொல்லிவைக்கிறன். முதல் காய்க்கிற நல்ல காய் ரெண்டைக் கறிக்கு எடுக்காம மரத்துலயே விடுங்க, வெண்டி எண்டா மரத்துல காஞ்சி கீறு விடுற வரைக்கும், கத்தரி எண்டா மஞ்சளாகிப் பழுத்துத் தொங்குற வரைக்கும், பச்சைக் கத்தரியில எடுத்த விதை முளைக்காது. தக்காளி விதையை வழுவழுப்போட ஒரு கோப்பையில ரெண்டு நாள் புளிக்க விட்டுக் கழுவுங்க. நிழல்ல நல்லா உலத்தி, மூடி இறுக்கமான போத்தல்ல, அடியில வறுத்த அரிசி ஒரு பிடி போட்டு வைங்க, ஈரத்தை அது எடுத்துக்கொள்ளும். விதைட ஈரம் நூத்துக்கு ஒண்டு குறைஞ்சா ஆயுள் ரெட்டிப்பாகும் எண்டு எங்களுக்குப் படிப்பிச்ச கணக்கு, நம்மட கடக்கரைப் புழுக்கத்துக்கு இது முக்கியம், அலுமாரியில கடதாசியில சுத்தி வைச்ச விதை மாரி முடிய செத்துப்போகும்.

பழைய ஆக்கள் இதை வேற மாதிரிச் செய்தாங்க, கத்தரிப்பழத்தை முழுசாவும், சுரைக்குடுக்கைக்குள்ள பயத்தை விதையையும் அடுப்புக்கு மேல கட்டித் தொங்க விட்டிருப்பாங்க, புகையில பூச்சியும் அண்டாது ஈரமும் நிக்காது. உங்கட மாமி கைராசியைப் பத்திக் கதைக்கிறா எண்டா அவக்குத் தோட்டம் தெரியும் எண்டு அர்த்தம். ஒருக்கா மெதுவாக் கேட்டுப் பாருங்க, அவட கையில நாட்டுக் கத்தரி விதை எங்கயாவது ஒரு போத்தல்ல கிடக்கும். கிடந்தா பத்தை எண்ணி டிஷுவில வைங்க, அவவையும் பக்கத்துல இருத்தி.